தானியங்கி லினக்சு நிறுவலும் பிணைய அட்டைச் சிக்கல்களும்

தானியங்கி லினக்சு நிறுவல் என்பது, விசைப்பலகையின் முன் யாரும் அமராமல், பிணையத்தின் வழியாகவே கணினியில் இயங்குதளத்தை நிறுவும் முறையாகும். 1999 இல் இன்டெல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 வரையறை இதற்குப் பொது அடித்தளமாக அமைந்தது. ரெட் ஹாட்டின் கிக்ஸ்டார்ட், டெபியனின் பிரிசீட் ஆகியவற்றில் நிறுவி கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் முன்னதாகவே ஒரு கோப்பில் எழுதப்படுகின்றன. அந்தக் கோப்பும் பெரும்பாலும் பிணையத்திலேயே இருக்கும். எனவே பிணைய அட்டை முடங்கினால் எல்லாமே நின்றுவிடும்.

இதில் பலரைக் குழப்புவது ஒன்று உண்டு. லினக்சு கருனியைப் பிணையத்திலிருந்து இறக்கித் தந்த அதே அட்டையை, இயங்கத் தொடங்கிய கருனி அறியாமல் போகலாம். முதல் கட்டத்தில் அட்டையை இயக்குவது அதனுள் பதிந்துள்ள சிறு நிரல். அடுத்த கட்டத்தில் கருனி தன் சொந்த இயக்கியைத் தேட வேண்டும்.

இரண்டு, நான்கு அட்டைகள் கொண்ட வழங்கிகளில் பெயரும் தொல்லை தந்தது. இயக்கிகள் ஏறும் வரிசைப்படி ஈத்0, ஈத்1 எனப் பெயர்கள் அமைந்ததால், கம்பி செருகப்படாத அட்டையில் நிறுவி காத்துக் கிடந்தது. எந்த அட்டையின் வழியே கணினி தொடங்கியதோ அதன் வன்பொருள் முகவரியைக் கருனிக்குத் தெரிவிக்கும் பூட்இஃப் என்ற எளிய ஏற்பாடு இதைத் தீர்த்தது. 2013 இல் சிஸ்டம்டி 197 அட்டை இருக்கும் இடத்தைக் கொண்டு நிலையான பெயரிடும் முறையைக் கொணர்ந்தது; பழைய பெயரை நம்பி எழுதிய விடைக் கோப்புகள் அதனால் பழுதாயின.

சில வேளைகளில் அட்டை மீது குற்றமே இராது. சுழல் தடுப்புக்காக ஸ்பானிங் டிரீ நெறிமுறையைப் பின்பற்றும் சுவிட்ச், புதிதாக உயிர்பெற்ற இணைப்பை ஏறத்தாழ 30 நொடி கழித்தே திறந்துவிடும். அதற்குள் முகவரி கேட்டு அலுத்த நிறுவி தோல்வியை அறிவித்துவிடும்.

மிகவும் நீண்ட பூசல் நிலைபொருள் பற்றியது. அட்டையின் உள்ளே ஏற்றப்படும் இந்த நிரல்களின் மூலநிரல் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. 2011 இல் வந்த டெபியன் 6.0, கட்டற்ற மென்பொருள் கொள்கையின்படி அவற்றைத் தன் கருனியிலிருந்து நீக்கியது. வழங்கிகளில் பரவலாக இருந்த பிராட்காம் நெட்எக்ஸ்ட்ரீம் 2 அட்டைகள் அந்நிரல் இன்றி இயங்கவில்லை. நிறுவி அதை யூஎஸ்பி வழியே கேட்டது. பூட்டிய அறையில் அடுக்கப்பட்ட வழங்கிகளுக்கு யார் போய்ச் செருகுவது? தொடக்க நினைவக வட்டுக் கோப்பின் வாலில் நிலைபொருள் தொகுப்பை ஒட்டிவிடுவதே நிர்வாகிகளின் வழக்கமாயிற்று.

2022 இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்களித்து, சமூக ஒப்பந்தத்தையே திருத்தினர். 2023 சூனில் வெளிவந்த டெபியன் 12 இன் நிறுவல் வட்டுகளில் நிலைபொருள்கள் இடம்பெற்றன. பிணையவழித் தொடக்கத்துக்கான சிறு கோப்புகளில் மட்டும் பழைய ஒட்டுவேலை தொடர்ந்தது.