முனைவாக்கமும் இப்னுல் ஹைதமும்: எது எங்கட பங்கு?

காலை எட்டரை மணிபோல துணுக்காய்ப் பக்கம் வவுனிக்குளக் கட்டில் சூரியனை எதிர்நோக்கி நின்றால், தண்ணீர் கண்ணைக் கூசப்பண்ணும். போலராய்ட் கண்ணாடி போட்டால் கூச்சம் போய், தண்ணிக்குள்ளே இருக்கிற தாமரைத் தண்டும் தெரியும். தலையைத் தோள்வரை சரித்தால் கூச்சம் திரும்பி வந்துவிடும். நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் படுக்கையாகவே அதிர்கிறது; கண்ணாடியோ நிமிர்ந்த அதிர்வை மட்டும் விடுகிறது. இதுதான் முனைவாக்கம். தமிழ்நாட்டார் தளவிளைவு என்பர்.

இதையும் இப்னுல் ஹைதமே கண்டார் என்று எழுதுகிற ஆக்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அது சரியல்ல. கெய்ரோவில் அவர் எழுதிய கிதாபுல் மனாளிர் ஏழு பாகம்: பார்வை, தெறிப்பு, முறிவு எல்லாம் உண்டு, முனைவாக்கம் இல்லை. சோதித்துப் பார்த்த பிறகே சொல்வது என்ற அவரது முறைதான் பெரிய சொத்து. அந்நூல் இலத்தீனாகி, 1572இல் பாசலில் அச்சேறியது. அந்தப் பெருமை போதாதா?

முனைவாக்கத்தின் கதை 1669இல் தொடங்குகிறது. டென்மார்க்கின் பார்தொலின், ஐஸ்லாந்துப் பளிங்கினூடாகப் பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரிவதை எழுதினார். 1808இல் பாரிஸில் மாலுஸ், லக்சம்பர்க் மாளிகை யன்னலில் தெறித்த அந்திவெயிலை அதே பளிங்கினூடாகப் பார்த்தார். பளிங்கைத் திருப்பத் திருப்ப, இரண்டு பிம்பங்களும் மாறி மாறி மங்கின. தெறித்த ஒளிக்கே அந்தக் குணம் வந்துவிட்டிருந்தது. ஒளித்துகளுக்குக் காந்தம்போல முனைகள் உண்டென்று நினைத்து அவர் வைத்த பெயர்தான் 'போலரைசேஷன்'. நினைப்புப் பிழை, பெயர் நிலைத்துவிட்டது. ஒளி குறுக்கலை என்பதை 1821இல் பிரெனெல் நிறுவினார்.

இந்த மாலுஸ் நெப்போலியனின் படைப் பொறியியலாளராக 1798இல் எகிப்துக்கு வந்தவர். யாஃபாவில் கொள்ளைநோயும் கண்டவர். கெய்ரோ என்றதும் இப்னுல் ஹைதமோடு முடிச்சுப் போட ஆசை வரும். ஒரே ஊரில் எண்ணூறு வருட இடைவெளியில் இருந்தது தொடர்பாகிவிடாது.

எங்கட பிராந்தியத்தின் பங்கு வேறிடத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மின்அலைக்கும் இக்குணம் உண்டென்று 1888இல் ஹேர்ட்ஸ் கம்பிச் சட்டத்தால் காட்டினார். கல்கத்தாவில் 1895 முதல் இதை ஆராய்ந்த ஜகதீஷ் சந்திர போஸ், மைமன்சிங்கில் பிறந்தவர். முறுக்கிய சணல் கட்டுகளினூடாக அலையை அனுப்பினார். வலமாக முறுக்கினால் அதிர்வுத் தளம் ஒருபக்கம் திரும்பியது. இடமாக முறுக்கினால் மறுபக்கம். சாக்குப் பின்னுகிற அதே வங்காளச் சணல்தான். 1898இல் அதை லண்டன் ரோயல் சொசைட்டி வெளியிட்டது.