துணையிடம் செல்ல விண்ணப்பிப்போர் கவனத்துக்கு: விவாகச் சான்றிதழும் அதனோடு பொருந்த வேண்டிய கடதாசிகளும்

வெளிநாட்டில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ சென்று சேர விண்ணப்பிப்பவர்கள் முதலில் தேடுவது விவாகச் சான்றிதழைத்தான். அது கிடைத்துவிட்டால் அலுவல் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஹெந்தளையில் குடியிருக்கும் நான், அயலவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். நான் பார்த்தவரையில், விவாகச் சான்றிதழ் இல்லாமல் நின்றுபோன விண்ணப்பங்கள் குறைவு. சான்றிதழில் இருப்பதும் மற்றைய கடதாசிகளில் இருப்பதும் பொருந்தாமல் இழுபட்டவைதான் அதிகம்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களுக்குப் பெயர், விலாசம், திகதி எல்லாம் ஒவ்வொரு கடதாசியிலும் ஒவ்வொரு விதமாக ஏறியிருக்கின்றன. கோவையைப் பார்க்கும் அதிகாரிக்கு அந்தக் கதை தெரியாது. அதை நாங்கள்தான் எழுத்தில் சொல்ல வேண்டும்.

எங்கே எடுப்பது

இலங்கைத் தமிழர்களின் திருமணங்கள் பெரும்பாலும் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதியப்படுகின்றன. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. கோயிலில் தாலி கட்டிய வழக்காற்றுத் திருமணத்தையும் எங்கள் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் தூதரகத்துக்குக் காட்டப் பதிவுச் சான்றிதழே வேண்டும்.

பிரதியைத் திருமணம் பதியப்பட்ட பிரிவின் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். ஹெந்தளையில் எழுதியவர்கள் கொழும்பு என்று நினைத்து அலைகிறார்கள். ஹெந்தளை கம்பஹா மாவட்டத்தில், வத்தளை பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது. வெள்ளவத்தையில் எழுதியிருந்தால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். கொட்டாஞ்சேனை என்றால் கொழும்பு பிரதேச செயலகம். போகும்போது பதிவு இலக்கத்தையும் திகதியையும் எழுதிக்கொண்டு போனால் தேடும் வேலை குறையும். வெளிநாட்டில் காட்ட வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் அத்தாட்சி கேட்கப்பட்டால் அதைக் கொன்சியூலர் பிரிவில் பெறலாம். யாழ்ப்பாணத்திலும் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு.

மொழிபெயர்ப்பில் மாறும் பெயர்

வத்தளைப் பக்கம் எழுதிய சான்றிதழ்கள் பல சிங்களத்தில் இருக்கின்றன. தமிழ்ப் பெயர் சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது எழுத்துகள் மாறிவிடுகின்றன. கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், மொழிபெயர்ப்பில் இன்னொன்று என்றால் இரண்டு ஆட்கள் என்ற சந்தேகம் வரும். ஆகவே சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் இருவரின் கடவுச்சீட்டுப் பிரதிகளையும் சேர்த்தே கொடுங்கள்.

மொழிபெயர்ப்பில் அவரது உறுதிமொழி, முழுப்பெயர், கையொப்பம், திகதி, தொடர்பு விபரம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரித்தானியா இவற்றைக் கேட்கிறது. தகப்பன் பெயர் ஒரு கடதாசியில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து இணையுங்கள்.

எழுத்து ஒரு நாள், தாலி இன்னொரு நாள்

விசா அலுவலுக்காக முதலில் எழுத்தை முடித்துவிட்டு, மாதங்கள் கழித்துத் தாலி கட்டுவது எங்களிடையே வழக்கம். சட்டப்படி திருமண நாள் எழுத்து நடந்த நாள். ஆனால் கணவர் நேர்காணலில் தாலி கட்டிய நாளைச் சொல்வார், மனைவி எழுத்து நாளைச் சொல்வார். படிவத்தில் பதிவுத் திகதியை எழுதி, சமயச் சடங்கு நடந்த திகதியை விளக்கக் கடிதத்தில் தனியாகக் குறிப்பிடுங்கள். இரண்டு நாளின் படங்களையும் பிரித்து, பின்புறத்தில் திகதி எழுதிக் கொடுங்கள்.

இலங்கைக்குத் திரும்ப முடியாதவர்கள் தமிழ்நாட்டில் திருமணம் செய்வதும் உண்டு. அங்கே 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கோயில் பற்றுச்சீட்டுடன் திரும்பி வராமல், பதிவு அலுவலகச் சான்றிதழைப் பெற்றபின்பே விமானம் ஏறுங்கள். தொலைபேசியிலோ இணையத்திலோ, ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை 2015 ஜூன் முதல் கனடா துணைவருக்கான விண்ணப்பத்தில் ஏற்பதில்லை.

விடுதி விலாசம்

போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்த பலர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் தங்கியே கடவுச்சீட்டு, விசா அலுவல்களைப் பார்த்தார்கள். 2007 ஜூன் 7 அன்று அத்தகைய விடுதிகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஆண்டுகளில் எழுதிய திருமணங்களின் சான்றிதழில் விடுதி விலாசமே இருக்கும். படிவத்திலோ ஊர் விலாசம் இருக்கும். இதை மறைக்கத் தேவையில்லை. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை எங்கே இருந்தீர்கள், முகாம் உட்பட, வரிசையாக எழுதுங்கள். பத்து வருடத்துக்கு இடைவெளியில்லாத விலாசம் கேட்கும் படிவங்களுக்கும் அந்தப் பட்டியலே உதவும்.

முந்திய திருமணம்

சான்றிதழில் விவாக நிலை என்று ஒரு நிரல் இருக்கிறது. மணமாகாதவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர் என்று அதில் எழுதப்பட்டதைத் தனி ஆவணம் கொண்டு நிரூபிக்க வேண்டும். முந்திய திருமணம் சட்டப்படி முடியாமல் செய்த திருமணம் எங்கள் சட்டத்தில் செல்லாது.

விவாகரத்தானவர்களுக்கு மாவட்ட நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பு போதாது. அதன் பின் வரும் முடிவான தீர்ப்பின் பிரதி வேண்டும். துணை இறந்திருந்தால் மரணச் சான்றிதழ்.

மிகக் கடினமான நிலை காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாருடையது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், போர்ச் சூழலில் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழும் அறிமுகமானது. இந்த இரண்டாவது சான்றிதழ் அவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. ஆகவே மறுமணத்துக்கு அதை மட்டும் நம்பக்கூடாது.

கணவனுக்கு என்ன நடந்தது என்று அரசு சொல்லும்வரை மரணச் சான்றிதழில் கையொப்பமிடமாட்டேன் என்று நிற்கும் பெண்கள் எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அந்த முடிவை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் மறுமணம் பேசும் குடும்பங்கள், நாள் வைப்பதற்கு முன்பே ஒரு சட்டத்தரணியிடம் இதைக் கேட்டுவிட வேண்டும். பிள்ளைகளின் எதிர்காலமும் இதில் இருக்கிறது.

அங்கே இருப்பவரின் பழைய கோவை

கனடாவுக்குப் போனபோது, திருமணமானவர் தன்னைத் தனியாள் என்று சொல்லியிருக்கலாம். தாலி மட்டும் கட்டியது திருமணம் அல்ல என்று நினைத்துச் சொன்னவர்களும் உண்டு. நிரந்தர வதிவிடம் பெறும்போது அறிவிக்காத குடும்பத்தவரைப் பின்னர் பொறுப்பேற்று அழைக்க அந்நாட்டு விதிகள் தடையாக இருக்கின்றன. 2019 செப்டெம்பர் 9 முதல் அகதிகளாக ஏற்கப்பட்டோர் உள்ளிட்ட சிலருக்குத் தற்காலிகக் கொள்கை ஒன்றின் மூலம் விலக்கு அளிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று உரிமம் பெற்ற ஆலோசகரிடம் உறுதிசெய்யுங்கள். துணையாக அழைக்கப்பட்டுச் சென்ற ஒருவர், வதிவிடம் பெற்று ஐந்து ஆண்டுகள் முடியாமல் இன்னொரு துணையை அழைக்க முடியாது. இது 2012 மார்ச் 2 முதல் உள்ள விதி.

உண்மைத் திருமணமா

சான்றிதழ் எவ்வளவு சரியாக இருந்தாலும், குடியேற்ற நோக்கத்துக்காகச் செய்த திருமணம் என்று அதிகாரி கருதினால் நிராகரிக்கலாம். கனடாவில் 2010 செப்டெம்பர் 30இன் பின், திருமணம் உண்மையானதல்ல அல்லது முதன்மையாக வதிவிட நோக்கத்துக்கானது என்ற இரண்டில் ஒன்றே நிராகரிக்கப் போதும்.

பேச்சுத் திருமணத்தில் சம்பந்தம் எப்படி வந்தது, யார் பேசினார், சாதகம் எப்போது பார்த்தார்கள், இருவரும் முதலில் எப்போது பேசினார்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். அழைப்பிதழ், உறவினர் நிற்கும் படங்கள், பயணச் சீட்டுகள், பணம் அனுப்பிய சிட்டைகள், தொலைபேசி உரையாடல் பதிவுகள் ஆகியவற்றை மாதவாரியாக அடுக்குங்கள். எல்லாவற்றையும் அள்ளிக் கொடுப்பதைவிட ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு மூன்று போதும். முகவர் எழுதித் தரும் அச்சடித்த கதையைக் கொடுக்காதீர்கள். நேர்காணலில் அது உங்கள் வாயில் வராது.

ஒப்படைக்க முன்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விவாகச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, துணைவரின் பழைய கோவைப் பிரதி ஆகியவற்றை ஒரு மேசையில் பரப்பி வையுங்கள். பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், விவாக நிலை, விலாசம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வேறுபடும் இடத்தைக் குறித்து, அதற்கு ஒரு பந்தி விளக்கமும் ஒரு சான்றும் வையுங்கள். அனுப்பும் ஒவ்வொரு தாளுக்கும் பிரதி வைத்திருங்கள்.

கனடா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அழைத்தவர் மேன்முறையீடு செய்ய 30 நாட்களே உண்டு. கடிதம் வந்த அன்றே காரணத்தை முழுமையாக வாசித்து, சட்டத்தரணியைத் தேடுங்கள்.