பெயர் யாருக்காக?

1951ஆம் ஆண்டு. இலண்டன் மாநகர். தேநீர்க் கடைகளும் ரொட்டி அடுமனைகளும் நடத்திவந்த லயன்ஸ் நிறுவனத்திலே, ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நின்றது ஒரு கணிப்பொறி. வணிக அலுவலகத்தின் அன்றாட வேலையில் இறங்கிய முதற் கணிப்பொறி அதுதான். விண்மீனை அளக்கவோ, வெடிகுண்டுக்குக் கணக்குப் போடவோ அதை அவர்கள் அமைக்கவில்லை. ரொட்டிக்கும் கேக்குக்கும் ஆன செலவைக் கணக்கிட அமைத்தனர்!

அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் என்ன? 'லயன்ஸ் மின்னணு அலுவலகம்' எனப் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து, 'லியோ' என்றனர். யாருடையது, எவ்வகைப் பொறி, எந்த வேலைக்குரியது என்ற மூன்றுக்கும் அப்பெயரில் விடை இருந்தது. இலத்தீனிலே லியோ என்றால் சிங்கம். லயன்ஸ் என்ற பெயரிலும் ஆங்கிலச் சிங்கத்தின் ஒலி உண்டு. பொருளும் இருந்தது, புன்முறுவலும் இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவிலே கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார், யூனிவாக் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் குழுவை நடத்திவந்தார். கணக்கரும் எழுத்தரும் குறியீடுகளோடு மல்லாட வேண்டியதில்லை, தமக்குப் பழகிய சொற்களிலேயே கட்டளையிடலாம் என்பது அவர் கொள்கை. அந்த முயற்சிக்குத் தொழிற்கூடத்தின் உள்ளே வழங்கிய பெயர் 'பி-0'. வெளியே வந்தபோது 'ஃப்ளோ-மேட்டிக்' ஆயிற்று.

ஒருநாள் அவர் குழு, ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு, பிரெஞ்சுச் சொற்களையும் ஜெர்மன் சொற்களையும் அமர்த்தி நிர்வாகத்தாருக்குக் காட்டியது. அவர்களோ திகைத்தனர். அமெரிக்காவிலே செய்த பொறி பிரெஞ்சு மொழி அறியுமா என்று கேட்டனர்! பின்னாளில் அம்மையாரே சொன்ன செய்தி இது. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பொறிக்கு எல்லாச் சொல்லும் ஒன்றே. ஆங்கிலமும் அதற்கு அயல்மொழிதான். அப்படியானால் பெயர் யாருக்காக? மனிதனுக்காக. இந்த எளிய உண்மையை மறந்தவர்கள் நிர்வாகிகள் மட்டுமல்லர், அறிஞர்களும் மறந்ததுண்டு.

பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் அமைப்பைப் பாருங்கள். கோப்பைக் காட்டும் கட்டளைக்குக் 'கேட்' என்று பெயர். கேட்டவனுக்குப் பூனை நினைவுதான் வரும். உண்மையில் அது 'ஒன்றோடொன்று இணைத்தல்' என்ற நீண்ட ஆங்கிலச் சொல்லின் துண்டு. வரிகளைத் தேடும் கட்டளைக்குக் 'கிரெப்' என்று பெயர். எந்த அகராதியிலும் அன்று இல்லாத சொல். பழைய திருத்தி ஒன்றின் கட்டளை எழுத்துகளைக் கூட்டிப் பிறந்தது.

ஏன் இந்தச் சுருக்கம்? காரணம் இருந்தது. அன்றைய தொலைத்தட்டச்சுப் பொறி வினாடிக்கு 10 எழுத்துகளே அச்சிடும். விசைகளை அழுத்துவதே விரலுக்குப் பெருவேலை. எழுத்தைச் சுருக்கியது அறிவுடைமை, அவர்கள்மேல் குற்றமில்லை. ஆனால் 1971லேயே அந்தக் கூடத்தின் காப்புரிமைப் பிரிவுத் தட்டச்சாளர்கள் யூனிக்சைக் கையாளத் தொடங்கிவிட்டனர். ஆக்கியவர்களுக்கு நினைவுக் குறிப்பாக இருந்த பெயர், புதிதாக வந்தவர்களுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய மந்திரமாயிற்று! உளவியல் அறிஞர் டொனால்ட் நார்மன் 1981இல் இதையே கண்டித்தார்: பெயர் தொழிலைச் சொல்லவில்லை என்றார்.

மெதுவான பொறிகள் மறைந்தன. காரணம் செத்தது, பெயர் சாகவில்லை. 'ஆக்கு' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு ஒரு கட்டளைக்குப் பெயரிட்டிருந்தனர். மீண்டும் செய்வதானால் எதை மாற்றுவீர்கள் என்று தாம்சனைக் கேட்டபோது, அந்த எழுத்தைச் சேர்த்துக்கொள்வேன் என்றார். ஆக்கியவரே பிழையென ஒப்பினார். எனினும் அது இன்றும் அப்படியே நிற்கிறது. எண்ணற்ற நிரல்கள் அப்பெயரையே நம்பி எழுதப்பட்டுவிட்டன. மாற்றினால் அத்தனையும் நின்றுபோகும். காரணம் போனபின்னும் சடங்கு நிலைப்பதன் கதை, பகுத்தறிவாளர்க்குப் புதிதா என்ன?

அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதப் புறப்பட்டிருக்கும் இளைஞர்களே! சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளுக்குப் புராண வீரன் பெயரையோ, புரியாத எழுத்துக் குவியலையோ சூட்டாதீர். பிறக்கும்போது திருத்துவது எளிது, வளர்ந்தபின் அரிது. ஆதலால், பெயரை முடிவு செய்யுமுன் அதை நாள்தோறும் கையாளப்போகும் எழுத்தரை அழையுங்கள். பெயரை மட்டும் சொல்லி, இது என்ன வேலை செய்யும் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் சூட்டுங்கள். அவர் விழித்தால், குறை அவர் அறிவில் இல்லை; நீங்கள் வைத்த பெயரில் இருக்கிறது!