காசும் கேஷும்: ஒரு கணக்குத் திருத்தம்



பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தியவன் நான்தான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் எதிலிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்டேன். "நம்ம காசு!" என்று ஒரு பையன் கத்தினான். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள்; நானும் பத்து மதிப்பெண் கொடுத்தேன். "பெட்டி" என்று சொன்ன ஆறாம் வகுப்புச் சிறுமிக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்து லிஃப்டில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "டிக்ஷனரியில பெட்டின்னுதான் தாத்தா போட்டிருக்கு."

கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து பல வருஷம் நோட்டு எண்ணியவன் நான். கேஷ் நம் காசுதான் என்று வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆகவே கொஞ்சம் வீம்போடுதான் புத்தகங்களைப் புரட்டினேன். அந்தப் பிள்ளை சொன்னதே சரி. அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் நம் காசும் ஆங்கிலத்துக்குப் போகாமல் இல்லை. அது போனது வேறு வாசல் வழியாக.

முதலில் வங்கிக் கேஷ். லத்தீன் மொழியில் 'கப்ஸா' என்றால் பெட்டி. இத்தாலியில் அது 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கெஸ்'. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல் பணப்பெட்டியையும் குறித்தது, உள்ளிருக்கும் பணத்தையும் குறித்தது. நாளடைவில் பெட்டி போய்ப் பணம் மட்டும் நின்றுவிட்டது. நம் கடைத்தெருவில் "இன்னைக்குக் கல்லா எப்படி?" என்று கேட்டால், பெட்டியைப் பற்றியா கேட்கிறார்கள்? அன்றைய வசூலைத்தானே!

அடுத்தது நம் கேஷ். அதே நான்கு எழுத்துகள்தான்: சி, ஏ, எஸ், ஹெச். பொருள் 'சிறு நாணயம்'. காசு நம்மிடம் எவ்வளவு பழையது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளே சாட்சி. ராஜராஜன் காலத்தில் கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. நம் கணக்கில் 12½ சதவீதம்.

பிறகு வந்த போர்த்துக்கீசியர் நம் காசைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'காய்ஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் 'காய்ஷா' என்றுதான் பெயர். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது! அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டதுதான் இந்த இரண்டாவது கேஷ். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலும், யூல் என்பவரும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இந்த வழியைக் காட்டியிருக்கிறார்கள்.

கம்பெனி ஆட்சியில் சென்னைக் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. கால்குலேட்டர் இல்லாமல் இதில் நாள்கணக்கு முடித்த அந்தக்கால குமாஸ்தாக்களுக்கு என் வணக்கம். 1818இல்தான் ரூபாய்க் கணக்கு வந்தது. மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்று வைத்தார்கள். அதற்கு முன்பு, 1803இல், இங்கிலாந்திலேயே அச்சடித்துச் சென்னைக்கு அனுப்பிய செப்பு நாணயத்தில் '20 கேஷ்' என்று ரோமன் எண்ணில் பொறித்திருந்தார்கள். 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கம்பெனிக் கப்பல் 10 காசு, 20 காசு நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, இங்கிலாந்தின் கென்ட் கரையை விட்டு விலகுவதற்குள் மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளைக் கடலடியிலிருந்து எடுத்தார்கள்.

இதே நான்கு எழுத்தில் தொடங்கும் வேறு சில சொற்களையும் பாருங்கள்.

கேஷியர்: பணம் வாங்கிக் கொடுப்பவர். இது பெட்டி வழி வந்தது.

கேஷியர், இன்னொன்று: ஓர் அதிகாரியை அவமானப்படுத்திப் பதவியை விட்டு நீக்குவது. எழுத்துக்கு எழுத்து அதேதான். ஆனால் இது டச்சு மொழி வழியாக வந்த வேறு சொல். வழக்கைக் 'க்வாஷ்' செய்யச் சொல்லி மனுப் போடுகிறார்களே, அந்தச் சொல்லுக்கு உறவு. என் கவுண்டர் பலகையில் இப்படியும் ஒரு பொருள் இருந்தது வேலையில் இருந்தவரை எனக்குத் தெரியாது!

கேஷ்யூ: முந்திரி. வெளிநாட்டான் விலை கேட்க, பாட்டி "காசுக்கு எட்டு" என்று சொல்ல, அதுவே பெயராகிவிட்டது என்ற கதை உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். ரசிக்கலாம், நம்ப வேண்டாம். மரமே பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அங்குள்ள துப்பி மக்கள் அதை 'அகாஜு' என்றார்கள். அதுதான் மூலம்.

கேஷ்மியர்: மெல்லிய ஆட்டு ரோமத் துணி. சால்வைக்குப் பேர்போன காஷ்மீரின் பெயர்தான் இது.

வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் நம் ஊர்ப் பெயரை 'டென் காசி' என்று வாசித்து, "பத்துக் காசா?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இது தெற்கே உள்ள காசி, 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் விசுவநாதருக்குக் கோயில் எழுப்பிய ஊர் என்று அவருக்கு விளக்கியவன் நான்தான். அவர் செய்த தவறையேதான் நானும் செய்திருக்கிறேன். எழுத்து ஒத்துப்போனதால் சொல்லும் ஒன்றே என்று நம்பிவிட்டேன்.

இந்த ஊர் வங்கிகளில் காசி விசுவநாதன் என்ற பெயரில் எத்தனை கணக்கு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இனிஷியல்கூட ஒன்றாக இருக்கும். கணக்கு எண்ணையும் கையெழுத்தையும் பார்க்காமல் பணம் கொடுத்தால் என்ன ஆகும்? சொல்லுக்கும் அப்படித்தான். நமக்குச் சேர வேண்டிய வரவு நம் கணக்கில் நிச்சயமாக இருக்கிறது. அடுத்தவர் கணக்கிலிருந்து எடுத்துப் பெருமைப்பட வேண்டிய அவசியம் நமக்கில்லை.

ஆகவே, சங்கத்தின் அனுமதியோடு ஒரு திருத்தப் பதிவு. அந்தச் சிறுமிக்குப் பத்து மதிப்பெண் வரவு. பையனிடமிருந்து எதையும் திரும்ப வாங்க வேண்டாம். அவனைத் தப்பாக நம்பவைத்தவன் நான். சாரல் ஆரம்பித்துவிட்டது. அடுத்த மாதக் கூட்டத்தில் அவளுக்கு ஓர் உண்டியல் பரிசு தருகிறேன். முதல் காசும் நானே போட்டுத் தருகிறேன். நீங்கள் எல்லோரும் வந்து, அன்றைக்குத் தட்ட வேண்டிய கைதட்டலை இப்போது தட்டுங்கள்.