நெல்லுக்கு அடியில் நிலக்கரி: மன்னார்குடிப் படுகையின் கதை

வேதாரண்யத்துக்கு வடமேற்கே, மன்னார்குடியைச் சுற்றியுள்ள நெல்வயல்களின் அடியில் பழுப்பு நிலக்கரிப் படுகை ஒன்று கிடக்கிறது. நாட்டின் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் பெரும் பங்கு இந்தப் படுகைக்கு. நெய்வேலியில் மண்ணை அகழ்ந்தே கரியை எடுத்துவிட முடிந்தது. மன்னார்குடியில் கரி அதைவிட வெகு ஆழத்தில் இருப்பதால், முதலில் குறிவைக்கப்பட்டது அதனுள் அடைபட்டிருந்த மீத்தேன் வாயு.

இந்த வயல்களுக்குப் பாயும் கோரையாறும் பாமணியாறும் வெண்ணாற்றின் கிளைகள். இரண்டும் முத்துப்பேட்டைக் காயலில் கலக்கின்றன. அந்தக் காயல் வேதாரண்யம் பெருஞ்சதுப்பின் மேற்கு முனை. ஆக, மன்னார்குடியில் மண்ணுக்கு நேர்வது கடைமடைக்கும் வந்து சேரும். வாயுவானாலும் கரியானாலும், எடுக்குமுன் நிலத்தடி நீரை இறைத்தாக வேண்டும். வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் பெரும்பாலும் ஏற்கெனவே உப்பு. மணல்மேடுகளின் அடியில்தான் நல்ல தண்ணீர் தேங்கி நிற்கிறது. மேற்கே நீர் இறங்கினால் கடல்நீர் உள்ளே வரும் என்ற அச்சம் இங்கிருந்தே பிறந்தது.

மேல்மண்ணின் உடைமையே சிக்கலானது. பட்டாதாரர், கோயில், மடம், சத்திரம் ஆகியவற்றுக்குச் சொந்தமான நிலங்கள் கலந்து கிடக்கின்றன. உழுபவர் பல இடங்களில் குத்தகைதாரர். நிலத்துக்கு இழப்பீடு என்று வந்தால் குத்தகைதாரரும் கூலியாளும் கடைசியில்தான் நிற்பார்கள். அடியில் உள்ளது யாருடையது என்பது தனிக் கேள்வி. சட்டப்படி பறிக்கப்படாத வரை அடிநிலக் கனிமமும் நில உரிமையாளரையே சேரும் என்று மலபார் ஜென்ம நிலங்கள் பற்றிய வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிலக்கரி விஷயத்தில் அதனால் உழவருக்குப் பெரிய பயனில்லை. 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி சுரங்கக் குத்தகை இல்லாமல் யாரும் சுரங்கம் தோண்ட முடியாது. கரிக்கு அதைத் தர ஒன்றிய அரசின் இசைவு வேண்டும். உரிமத்தொகை மாநிலத்துக்குப் போகும். மீத்தேனோ பெட்ரோலிய அமைச்சகத்தின் பொறுப்பு. ஒரே படுகைக்கு டெல்லியில் இரண்டு கதவுகள்!

முதல் கதவு 2010இல் திறந்தது. மன்னார்குடி மீத்தேன் உரிமம் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2011 ஜனவரியில் மாநில அரசும் அதனுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. ஊர் ஊராகப் போய் எதிர்ப்பைத் திரட்டிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில், அந்தப் பரப்புரையின் நடுவே, பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் நிபுணர் குழு அமைத்துத் திட்டத்தை நிறுத்திவைத்த ஜெயலலிதா அரசு, 2015 அக்டோபரில் தடை விதித்தது. 2020 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களோடு வேதாரண்யம் அடங்கிய நாகப்பட்டினமும் அதில் சேர்ந்தது. எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுக்கும் புதிய பணிகள் அங்கே தடைசெய்யப்பட்டன. ஏற்கெனவே நடப்பவை தொடரலாம்.

இரண்டாவது கதவு 2023 மார்ச்சில் திறந்தது. நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் மன்னார்குடிப் படுகையில் உள்ள ஒரத்தநாடு வட்டத்து வடசேரி, கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு கிழக்கு, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி ஆகிய மூன்று பகுதிகள் இருந்தன. மாநில அரசைக் கலந்து பேசவில்லை என்று ஏப்ரல் 4 அன்று மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். நான்கே நாளில், ஏப்ரல் 8 அன்று, மூன்றையும் விலக்கச் சொன்னதாக நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார்.

வெற்றிதான், ஆனால் அரைகுறை. வடசேரி விலக்கப்பட்டது ஓர் ஏலப் பட்டியலிலிருந்துதான்; படுகையின் மீதான ஒன்றிய அரசின் அதிகாரம் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.