போர்டு இல்லாத சாப்பாடு

கோத்தகிரி பக்கம் ஒரு வீடு. போர்டு கிடையாது, லைசென்ஸ் கிடையாது. முன்னறையில் இரண்டு பெஞ்ச். சோறு, பருப்பு, தொட்டுக்கொள்ள தேங்காய்ச் சம்பல்.

நீலகிரியில் ஏது சம்பல்?

1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கணக்குப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேர்? அப்புறம் பார்த்துக்கலாம்! சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழக அரசு இந்த மலையில் தேயிலை போட்டது. அதுதான் டான்டீ. கூடவே வந்தது சம்பல்.

லைசென்ஸ் எங்கேம்மா என்று கேட்க வாயெடுத்தேன். மனுஷனுக்கே பேப்பர் இல்லாமல் தவித்தவர்களிடம் கடைக்குப் பேப்பர் கேட்பதா? இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டேன். நல்ல காரம்.