பழவேற்காட்டின் இருவகைச் சாயம்

பழவேற்காடு என்றவுடன் சரித்திரம் படித்தவர்களுடைய மனத்தில் எழுவன, ஒல்லாந்தர் கட்டிய கெல்டிரியாக் கோட்டையும், வாயிற்கம்பத்தில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டமும், கப்பல் கப்பலாக அவ்வூரிலிருந்து ஏற்றுமதியான சாயத் துணிகளுமே ஆகும். 1613-ஆம் ஆண்டில் எழுந்த அக்கோட்டை, 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரையில், சோழமண்டலக் கரையிலிருந்த ஒல்லாந்தக் கம்பெனி வியாபாரம் முழுவதற்கும் கேந்திரமாக விளங்கியது. இங்கே வாங்கிய துணிகளைக் கொடுத்துத்தான் அவர்கள் கீழ்த்திசைத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் கொள்முதல் செய்தார்கள். இவ்வளவு பிரசித்தி பெற்ற அத்தொழிலுக்குப் பக்கத்திலேயே, அதே ஏரிக்கரையில், துவர்ப்புப் பொருள்களின் குணத்தை அறிந்து, வேறொரு சாயத்தொழிலும் மீனவர் குப்பங்களில் நடந்துவந்தது. வலைக்கும் தூண்டிற் கயிற்றுக்கும் அவரவர் வீட்டிலேயே போட்டுக்கொண்ட சாயம் அது. விலைக்குப் போகாத பொருளாதலால் வியாபாரிகளின் கணக்கேடுகளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. எனினும், அவ்வூர் ஜனங்களின் வயிற்றை நிரப்பியதில் துணிச்சாயத்துக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததன்று.

துணிச்சாயத்தின் இரகசியத்தை முதலில் அறிந்துகொண்டால் வலைச்சாயத்தின் பெருமை விளங்கும். சோழமண்டலக் கரையின் பெயர்பெற்ற சிவப்பு, மணற்பாங்கான நிலத்தில் விளையும் சாயவேரிலிருந்து வந்தது. ஆனால் வேரின் நிறம் தானாகப் பருத்தியில் நிலைத்து நிற்பதில்லை. கடுக்காய்க் கஷாயத்தில் துணியை ஊறவைத்து, அதன் துவர்ப்பை நூலிழைக்குள் ஏற்றி, பின்பு படிகாரத்தைப் பூசி, அதன்மேல் சாயவேர்ச் சாற்றில் கொதிக்கவைத்தால்தான், எத்தனை முறை வெளுத்தாலும் போகாத சிவப்பு உண்டாகும். நிறமாகக் கண்ணுக்குத் தெரிவது வேரின் சாறு. அதைப் பிடித்து நிறுத்துவது துவர்ப்பும் படிகாரமும். பழவேற்காட்டுக் கட்டம்போட்ட கைக்குட்டைகள் ஐரோப்பாவில் அடைந்த மதிப்பு எத்தகையதெனில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நெசவாளர்களே அவற்றைப் பார்த்து நெய்து, இவ்வூரின் பெயராலேயே விற்கலானார்கள்.

வலைக்கு வேண்டியது அழகன்று, ஆயுள். பழவேற்காட்டு ஏரி, ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரும் முகத்துவாரத்தின் வழியே ஏறிவரும் கடல்நீரும் கலந்து நிற்கும் உப்பங்கழி. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெருமையுடையது. ஆழமில்லாத, வெதுவெதுப்பான, உயிர்ப்பொருள் நிறைந்த அந்நீரில் இறாலும் நண்டும் மடவையும் எவ்வளவு செழித்து வளருகின்றனவோ, அவ்வளவு செழிப்பாகவே கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகளும் வளருகின்றன. பருத்தி நூலும் சணப்பு நாரும் அக்கிருமிகளுக்கு ஆகாரம். நனைந்த வலையைக் கவனியாமல் குவித்து வைத்துவிட்டால், சில வாரங்களுக்குள் அது கையோடு இற்று வந்துவிடும். மாதக்கணக்கில் உட்கார்ந்து முடிந்த வலை அவ்வாறு அழிவதைக் காட்டிலும் மீனவனுக்கு நஷ்டம் வேறில்லை. ஆகவே, கிருமிகளுக்குப் பிடிக்காத துவர்ப்பை நூலில் ஏற்றிவிடுவது என்னும் உபாயத்தை அவர்கள் கைக்கொண்டார்கள். தோல் பதனிடுவோன் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோலுக்குச் செய்வதையே மீனவன் நூலுக்குச் செய்தான்.

இதற்குப் பயன்பட்ட சரக்குகள் அந்தந்தக் கரையில் எளிதாகக் கிடைத்தவையே. கருவேலம்பட்டை, ஆவாரம்பட்டை, புளியங்கொட்டையின் மேல்தோல், பனிச்சங்காய், கழிமுகங்களில் அலையாத்தி இனத்து மரங்களின் பட்டை ஆகிய யாவும் துவர்ப்பு மிகுந்தவை. பட்டையை இடித்து, பெரிய பானையிலோ அண்டாவிலோ நீர்விட்டு, சாறு கருஞ்சிவப்பாக இறங்கும் வரையில் காய்ச்சி, நன்றாக அலசி உலர்த்திய வலையை அதில் அமிழ்த்தி ஊறவைத்து, பின்பு மணலில் விரித்துக் காயவைத்தார்கள். ஒரு தடவை ஏற்றிய துவர்ப்பு நீரில் நாளடைவில் கரைந்துபோகுமாதலால், வலை வெளுக்க வெளுக்க மீண்டும் அடுப்பு மூட்டவேண்டியிருந்தது. நூல் சற்றே விறைத்து, கண் சீராக நின்று, பழுப்பு நிறமும் ஏறிய வலை, வெள்ளை வலையைப்போல மீனின் கண்ணில் எளிதாகப் படவில்லை என்பது இத்தொழிலில் கிடைத்த உபரி லாபம். நீரில் மூழ்கும் தூண்டிற் கயிற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

இந்த வேலைக்கு ஓய்வு நாள்கள் வேண்டும். பழவேற்காட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘பாடு’ என்னும் சம்பிரதாயம் அதற்கும் உதவியிருக்குமென்று கருத இடமுண்டு. ஏரியில் இறால் வளமுள்ள இடங்களைக் குப்பத்தார் கூடிச் சீட்டுப்போட்டு, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வகுத்துக்கொள்வதே பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் முதலிய ஊர்களைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியாளர்கள், சர்க்கார் சட்டமின்றியே சண்டையைத் தவிர்க்க ஜனங்கள் கண்ட வழி என்று இதைப் பாராட்டியிருக்கின்றனர். தன் முறை வராத நாளில் வலை கரையேறுகிறது. கரையேறிய வலை காய்கிறது. காய்ந்த வலையைச் செப்பனிட்டுச் சாயமும் போடலாம். சண்டையைத் தவிர்க்கும் ஏற்பாடே நூலுக்கு ஓய்வும் தந்ததாயிற்று.

கட்டுமரத்தின் விஷயத்தில் இக்கரையார் சாயத்தை நாடவேயில்லை என்பது கவனிக்கத்தக்கது. கடலுக்குச் செல்லும் கட்டுமரத்தைக் கரைக்குக் கொண்டுவந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்திவிடுவார்கள்; மரத்துக்கு வெயிலே போதிய காப்பாயிற்று. வெறும் வெயிலால் ஆகாத இடத்தில்தான் பட்டைச்சாறு வந்தது. அநாவசியமாக ஒரு பூச்சையும் பூசாத சிக்கனம் அக்காலத்துக் குப்பங்களின் லட்சணம்.

உலகத்தின் பிற கடற்கரைகளிலும் இதே அறிவு வேறு வேறு பொருள்களைக் கொண்டு வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் மீனவர்கள் ஆதியில் ஓக் மரப்பட்டையைக் காய்ச்சினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்து கப்பலேறிய காசுக்கட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் வீடுகளில் வெற்றிலையோடு வாயில் சிவந்த அதே சரக்கு, வட கடலில் அவர்களுடைய பாய்களையும் வலைகளையும் சிவக்கவைத்தது. துவர்ப்பேற்றிய நூலை மயில்துத்தமும் அம்மோனியாவும் சேர்ந்த கரைசலில் மறுபடி நனைத்து, அத்துவர்ப்பைக் கரையாமல் நிலைநிறுத்தும் முறையை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்துக் கொடுத்தவர்கள் ஒல்லாந்தர்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய முன்னோர் பழவேற்காட்டில் விலைகொடுத்து வாங்கிய துணியில் படிகாரம் செய்த காரியத்தையே, அவர்களுடைய வலையில் துத்தம் செய்தது.

நம் நாட்டில் 1905-ஆம் ஆண்டில் சர் பிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்தின் மீன்தொழில் ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தார். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல், கட்டுமரம் முதற்கொண்டு வலை வகைகள் ஈறாக இக்கரையின் கருவிகளைப் பொறுமையோடு விவரித்து எழுதினார். 1957-இல் கொச்சியில் ஏற்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், வலையைப் பாதுகாக்கும் முறைகளைச் சோதனைச்சாலையில் ஆராயத் தொடங்கியது. ஆனால் வீட்டு அடுப்பின் அறிவு ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்த அதே சமயத்தில், அவ்வறிவே வேண்டாதபடி செய்யும் ஒரு பொருளும் வந்து சேர்ந்தது. 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் ரசாயன அறிஞரின் கூடத்தில் பிறந்த நைலான், 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் நம் கரைகளில் பரவியது. கிருமி தின்னாத நூலுக்குப் பட்டைச்சாறு எதற்கு? அண்டாக்கள் வேறு உபயோகத்துக்குப் போயின. பச்சை, நீலம் என்று வலையின் நிறத்தைத் தொழிற்சாலையே தீர்மானிக்கலாயிற்று.

அதன்பின் மீனவர் வீட்டில் வர்ணத்துக்கு ஏற்பட்ட வேலை முற்றிலும் வேறானது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதியின் சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் பெருகிய பைபர் படகுகளின் பக்கங்களில் குலதெய்வத்தின் பெயரும், பிள்ளைகளின் பெயரும், கட்சிக் கொடியின் வர்ணமும் ஏறின. ஓய்வுநாளில் கொடுவா மீனைத் தேடி முகத்துவாரத்துக்கு வரும் பட்டணத்துத் தூண்டிற்காரர்களோ, தங்கள் கோலில் பொருத்திய ரீலுக்கு வீட்டிலேயே இஷ்டமான வர்ணம் தீட்டிக்கொள்ளும் வழக்கத்தைக் கற்றிருக்கிறார்கள். ரீலும் புதிய கருவியன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் மா யுவான் என்னும் சீன ஓவியர் எழுதிய படத்திலேயே, குளிர்கால ஏரியில் தனியே தூண்டில் போடுகிறவனின் கோலில் நூல் சுற்றும் சக்கரம் இருக்கிறது. பளபளக்கும் உலோகம் மீனை மிரட்டிவிடக்கூடும் என்று, இங்கிலாந்தின் ரீல் செய்வோர் பித்தளையைக் கறுப்பாக்கி மங்கவைத்தார்கள். ஆகையால் ரீலின் நிறமும் ஆதியில் காரியத்துக்காக ஏற்பட்டதே. இப்போது வீட்டில் தீட்டுகிறவர் அழகை நாடியே தொடங்கினாலும், உப்புநீர் அவரைப் பழைய பாடத்துக்கே இழுத்துவருகிறது. கருவியைப் பிரித்து, எண்ணெய்ப்பசையைப் போக்கி, உப்புத்தாள் தேய்த்து, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சைக் கொடுத்து, அதன்மேல் மெல்லிய பூச்சுகளை ஒவ்வொன்றாய் உலரவிட்டு ஏற்றாவிட்டால், சிறு கீறலின் வழியே உப்பு உட்புகுந்து அலுமினியத்தை அரித்து, வர்ணத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும். கடுக்காய் இல்லாத துணியில் சாயவேர் நில்லாததும், அடிப்பூச்சு இல்லாத ரீலில் வர்ணம் நில்லாததும் ஒரே நியதிக்கு உட்பட்டவை.

பட்டை காய்ச்சிய காலத்தை நினைத்து ஏங்குவது நியாயமாகாது. அடுப்பின் முன்னும் மணலிலும் கழிந்த அத்தனை உழைப்பிலிருந்தும் நைலான் மீனவனை விடுவித்தது மெய். ஆனால் அவன் முன்னோர் வேண்டியது நூலின் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கும் வரம் மாத்திரமே. கிடைத்ததோ, அவனுக்குப் பின்னும் அழியாத நூல். நீரில் தவறவிட்ட பருத்தி வலையை அக்கிருமிகள் தின்று தீர்த்துவிடும். அறுந்துபோன நைலான் வலை, எடுப்பாரின்றி நீருக்கடியில் கிடந்து, நண்டையும் மீனையும் வீணே பிடித்துக்கொண்டேயிருக்கும். இற்றுப்போவதைப் பகையென்று எண்ணி நூற்றாண்டுக் கணக்கில் போராடியவர்களுக்கு, அப்பகையே ஏரியைச் சுத்தம் செய்துவந்த ஊழியனும் ஆகும் என்பதை அறியச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. சீட்டுப்போட்டு ஏரியைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த குப்பங்கள், கிழிந்த வலையைக் கரைசேர்ப்பதற்கும் அவ்வாறே ஒரு முறை வகுத்துக்கொள்ளுமானால், பட்டைச்சாறு செய்யாமற்போன காரியத்தைப் பாடு செய்து முடிக்கும்.